ஒடிலியாவா, மேக்னட்டா?

நார்பர்ட்: நம்ப மாட்டேன். இன்னொரு தரம் படி.

கொலீன்: எத்தனை தரம்ப்பா படிக்கிறது? காலேஜ் நுழைவுப் பரீட்சையில பிள்ளைங்க எடுத்த சராசரி. மேக்னட் ஸ்கூல், முப்பத்தாறுக்கு இருபத்தெட்டு. செயின்ட் ஒடிலியா, முப்பத்தாறுக்கு இருபத்தஞ்சு. இதுல நம்புறதுக்கும் நம்பாததுக்கும் என்ன இருக்கு?

நார்பர்ட்: எண்ணெய்ச் சத்தத்துல சரியா காதுல விழலை.

கிளீட்டஸ்: எண்ணெயை நான் இன்னும் அடுப்புலயே ஏத்தலையேய்யா.

நார்பர்ட்: நீ மீனைக் கவனி. அப்பனும் மகளும் பேசுற இடத்துல உனக்கென்ன?

கிளீட்டஸ்: இருக்கிறது ஒரே மேஜை. நடுவுல மலை மாதிரி மீன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி ஆகாது, சாயங்காலம் ஊரே இந்த சர்ச்சு வாசல்ல மீனுக்கு வந்து நிக்கும். காதைக் கழட்டி வச்சிட்டா நான் மாவு புரட்ட முடியும்?

கொலீன்: அங்கிள் இருக்கட்டும்ப்பா. மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். இல்லைன்னா நான் பைத்தியமாயிடுவேன். அஞ்சு மணிக்குள்ள பட்டனை அமுக்கியாவணும்.

கிளீட்டஸ்: எந்தப் பட்டனை?

கொலீன்: எம் பொண்ணு டெஸ்ஸாவுக்கு ரெண்டு ஸ்கூல்லயும் இடம் கிடைச்சிருக்கு அங்கிள். ஒன்பதாம் வகுப்புக்கு. மேக்னட்காரங்க இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க. வரேன்னு போன்ல அமுக்கலைன்னா அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க.

கிளீட்டஸ்: அடேங்கப்பா. ஜில்லா முழுக்கப் பரீட்சை வச்சுப் பொறுக்குற ஸ்கூலாச்சே அது. அரசாங்க ஸ்கூல், சம்பளமும் கிடையாது. அமுக்க வேண்டியதுதானே? என்ன யோசனை?

கொலீன்: அதை எங்கப்பாகிட்ட கேளுங்க.

நார்பர்ட்: ஒடிலியாதான் நல்ல ஸ்கூல்.

கிளீட்டஸ்: யாரு, நீயா சொல்ற? சிஸ்டருங்க காசு பிடுங்குற இடம்னு நாப்பது வருஷமா அந்த வாசல் முன்னாடியே நின்னு கத்தினவன் நீ!

கொலீன்: அதைத்தான் அங்கிள் நானும் கேக்குறேன். நவம்பர்ல இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பிள்ளை மேக்னட்டுக்கே போவட்டும், எவனுக்கும் ஒத்தைக் காசு கொடுக்காதே'ன்னார். கிறிஸ்துமஸ் மரத்தைக் கழட்டினோம், அந்தப் பேச்சையும் சேத்துக் கழட்டிட்டார்.

நார்பர்ட்: யோசிச்சேன். மனுஷன் யோசிக்கக் கூடாதா?

கொலீன்: சரி, என்ன யோசிச்சீங்க? அதைச் சொல்லுங்க.

நார்பர்ட்: அந்த இருபத்தெட்டு... அது பொய்க் கணக்கு.

கொலீன்: பேப்பர்ல போட்டிருக்குப்பா.

நார்பர்ட்: பேப்பர்காரன் ஒவ்வொரு பிள்ளையா உக்கார வச்சுக் கேள்வி கேட்டானா? ஸ்கூல்காரன் எழுதிக் கொடுத்ததை அச்சடிச்சான். நான் பன்னிக்கறி ஆலையில வேலை பாத்தவன். கொழுத்த பன்னியாப் பொறுக்கி உள்ள விட்டுட்டு, அப்புறம் எடை போட்டுப் பாத்து, 'ஆஹா, எங்க தீவனம் மாதிரி உண்டா'ன்னு ஒருத்தன் போர்டு மாட்டினா நீ என்ன சொல்லுவ?

கிளீட்டஸ்: சிரிப்பேன்.

நார்பர்ட்: அதான் மேக்னட். கெட்டிக்காரப் பிள்ளையாப் பாத்து அள்ளிக்கிறான். அப்புறம் கெட்டிக்காரப் பிள்ளைங்க இருக்குன்னு மார் தட்டுறான்.

கொலீன்: ஒடிலியாவுல மட்டும் பொறுக்காமலா எடுக்கிறாங்க?

நார்பர்ட்: அங்க பரீட்சை லேசு. காசு இருக்கிறவன் பிள்ளையைத்தான் பொறுக்குவாங்க.

கிளீட்டஸ்: அப்ப அதுவும் பொறுக்கினதுதானே?

நார்பர்ட்: ஆமா... இல்ல. இரு. அது வேற பொறுக்கல்.

கொலீன்: எப்படி வேற?

நார்பர்ட்: பணக்காரப் பிள்ளையில மக்கும் உண்டு. மக்கையும் சேத்து இருபத்தஞ்சு எடுக்க வைக்கிறாங்கன்னா யாரு கெட்டிக்கார வாத்தியாரு?

கிளீட்டஸ்: அடடே, கொலீன், இது கொஞ்சம் ஞாயமாத்தான்...

கொலீன்: ஞாயமா? அப்ப குறைச்சலா மார்க் வாங்குற ஸ்கூல்தான் நல்ல ஸ்கூலா? அப்படின்னா இந்த ஊர்லயே மோசமான ஸ்கூல் எதுவோ அங்க கொண்டு போய்ச் சேத்துடட்டுமா?

கிளீட்டஸ்: அதுவும் ஞாயம்தான். எனக்கு இப்பவே தலை சுத்துது.

நார்பர்ட்: உனக்கு என்னைக்குத்தான் சுத்தலை?

கிளீட்டஸ்: நான் சர்ச்சு பிரதருங்க நடத்துற ஸ்கூல்ல படிச்சவன்யா. பட்டம் வாங்கினவன். நீ எந்த ஸ்கூல்? சொல்லு பாப்போம்.

நார்பர்ட்: ஆரம்பிச்சிட்டான். இந்த லூயிவில் ஊர்ல பொறந்தவனுக்கு இதை விட்டா வேற கேள்வியே கிடையாது. பல்லு பிடுங்கப் போனா டாக்டர் கேக்குறான், எந்த ஸ்கூல். தண்ணிக் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் கேக்குறான், எந்த ஸ்கூல். உங்கம்மா ரீட்டாவைச் சவப்பெட்டியில வச்சிருக்கோம். ஒருத்தன் வந்து கையைப் பிடிச்சு, 'அம்மா எந்த ஸ்கூல்'ங்கிறான்.

கொலீன்: நீங்க என்ன சொன்னீங்க?

நார்பர்ட்: 'அவ ஒடிலியா, நான் பன்னி ஆலை, நீ வெளியே போ'ன்னேன்.

கிளீட்டஸ்: கேட்டது நான்தான்யா.

நார்பர்ட்: தெரிஞ்சுதான் சொன்னேன்.

கொலீன்: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? அப்பா, அம்மா படிச்ச ஸ்கூலுங்கிறதுக்காக சொல்றீங்களா? அப்படின்னா அதைச் சொல்லுங்க, புரிஞ்சுக்கிறேன்.

நார்பர்ட்: ஆமா. அதுக்காகத்தான்.

கொலீன்: அம்மா சாகுற வரைக்கும் அந்த சிஸ்டருங்களைத் திட்டினாங்க. இடது கையால எழுதினதுக்குக் கையைக் கட்டி வச்சதை எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!

நார்பர்ட்: அப்ப அதுக்காக இல்லை.

கொலீன்: ஐயோ!

நார்பர்ட்: மார்க்குக்காக. ஒடிலியாக்காரங்க வீட்டுக்கு ஒரு வழவழ தாள் அனுப்பினாங்களே. அதுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்ததா நீதான் படிச்சுக் காட்டின. இருபத்தெட்டு பெருசா, முப்பத்தொண்ணு பெருசா?

கொலீன்: அந்தத் தாள் என் பையிலதான் இருக்கு. இருங்க... ஆமா, முப்பத்தொண்ணு. 'எங்கள் மாணவிகளின் சராசரி முப்பத்தொன்று.'

கிளீட்டஸ்: பேப்பர்ல இருபத்தஞ்சு, தாள்ல முப்பத்தொண்ணா? நடுவுல ஆறு எங்க போச்சு?

கொலீன்: பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கு. கீழ எறும்பு மாதிரி எழுத்து... 'வகுப்பின் மேல்பாதி மாணவிகளுடையது.'

கிளீட்டஸ்: கீழ்ப்பாதி எங்க?

கொலீன்: பாத்ரூம் போயிருக்கும்.

கிளீட்டஸ்: ஹா! கேட்டியா நார்பர்ட்? பாதி வகுப்பு பாத்ரூம்ல!

நார்பர்ட்: டெஸ்ஸா மேல்பாதியிலதான் இருப்பா. நமக்கென்ன?

கொலீன்: இன்னும் இருக்கு, கேளுங்க. 'ஒரு மாணவி பல முறை எழுதியிருந்தால், ஒவ்வொரு பாடத்திலும் அவர் எடுத்த உயர்ந்த மதிப்பெண் சேர்க்கப்படும்.'

கிளீட்டஸ்: அப்படின்னா?

கொலீன்: ஒரு பிள்ளை நாலு தடவை எழுதுறா. ஒரு தடவை கணக்குல நல்லா வந்திருக்கும், ஒரு தடவை இங்கிலீஷ்ல. அந்தக் கணக்கையும் இந்த இங்கிலீஷையும் ஒட்ட வச்சு ஒரு மார்க்.

நார்பர்ட்: அதென்ன அக்கிரமம்! ஒரு மீனோட தலை, இன்னொரு மீனோட வாலு, வேற ஒண்ணோட நடுத்துண்டு, எல்லாத்தையும் சேத்து வச்சு ஒரே மீன்னு விக்கிறதா?

கொலீன்: சொன்னீங்களே! உங்க வாயாலேயே சொன்னீங்க!

நார்பர்ட்: ...நல்ல மீனாத்தானே இருக்கும் அது.

கிளீட்டஸ்: யோவ்!

நார்பர்ட்: எல்லாம் நல்ல துண்டுதானே? நான் தப்பா என்ன சொல்லிட்டேன்?

கொலீன்: அரசாங்க ஸ்கூல்ல அப்படிச் செய்ய முடியாதுப்பா. அங்க பதினொண்ணாவது படிக்கிற அத்தனை பிள்ளையும் ஒரே நாள்ல உக்காரணும், எடுத்ததுதான் மார்க். காய்ச்சல்காரப் பிள்ளையும் அதுல அடக்கம். அதுலதான் இருபத்தெட்டு.

கிளீட்டஸ்: அப்ப மேக்னட் ஜெயிச்சது. அமுக்கும்மா.

நார்பர்ட்: அமுக்காதே!

கிளீட்டஸ்: மாவை என் மேல ஏன்யா வீசுற?

நார்பர்ட்: அமுக்காதே கொலீன். மார்க்கை வச்சு... மார்க்குல என்ன இருக்கு? இவன் மச்சினன் மகன் மேக்னட்லதானே படிச்சான்? எவ்வளவு எடுத்தான்?

கிளீட்டஸ்: வெய்னா? முப்பத்தஞ்சு. பேப்பர்ல படம்கூட வந்துச்சு.

நார்பர்ட்: இப்ப என்ன பண்றான்?

கிளீட்டஸ்: அம்மா வீட்டு பேஸ்மென்ட் ரூம்ல கம்ப்யூட்டர்ல டிராகனைச் சுட்டுட்டு இருக்கான்.

நார்பர்ட்: பாத்தியா!

கிளீட்டஸ்: அவன் அக்கா ஒடிலியா. அவளும் அதே பேஸ்மென்ட்லதான் இருக்கா. அவளுக்கு ஜன்னல் பக்கம்.

கொலீன்: நல்லா உதவி பண்றீங்க அங்கிள்.

கிளீட்டஸ்: உள்ளதைச் சொன்னேன். சரி, இவ்வளவு பேசுறோமே, டெஸ்ஸா என்ன சொல்றா? படிக்கப் போறவ அவதானே?

கொலீன்: அவளுக்கு... ரெண்டும் ஒண்ணுதான்.

கிளீட்டஸ்: பதினாலு வயசுப் பொண்ணுக்கு எதுவாவது ரெண்டும் ஒண்ணா இருக்குமா? என் பேத்திக்கு ரெண்டு சாக்ஸே ஒண்ணா இருக்காது.

கொலீன்: மேக்னட்டுக்குப் போறேன்னுதான் சொல்றா. நல்ல ஸ்கூல்னு அவளுக்கும் தெரியும். பாருங்க, உள்ள சமையல்லேர்ந்து மேரி லூ கூப்பிடுறா, மக்ரோனிக்கு சீஸ் வேணுமாம். எடுத்துக் கொடுத்துட்டு வந்துடுறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க.

கிளீட்டஸ்: போம்மா, போ... போயிட்டா. நார்பர்ட், சொல்லிடு.

நார்பர்ட்: என்னத்தை?

கிளீட்டஸ்: எங்கிட்டயுமா? பரீட்சை, சராசரி, பன்னி, மீனுன்னு ஊரைச் சுத்தி வர்றியே, அந்த ஒண்ணை மட்டும் சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடியுற பேச்சுய்யா இது. இன்னும் எத்தனை நாளைக்கு மறைப்ப?

நார்பர்ட்: அஞ்சு மணி வரைக்கும் போதும்.

கிளீட்டஸ்: அப்புறம்?

நார்பர்ட்: அவ ஒடிலியாவுல சேந்துட்டா அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உங்க அண்ணன் எட்வின் என்ன ஆனான்? பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னான். ஈஸ்டர் வர்றதுக்குள்ள வீட்டை வித்து, முதியோர் ஹோம்ல கொண்டு தள்ளி, மத்தியானத்துல அவனை உக்கார வச்சு பலூன் தட்ட விடுறாங்க.

கிளீட்டஸ்: கொலீன் அப்படிப்பட்டவ இல்லை.

நார்பர்ட்: அவ அக்கா அப்படிப்பட்டவ. இவகிட்ட சொன்னா அன்னைக்கே அவளுக்குப் போயிடும். உனக்குப் பெண் பிள்ளைங்க கிடையாது, உனக்குத் தெரியாது.

கிளீட்டஸ்: பாவம்யா அந்தப் பிள்ளை. அவளுக்கு உன்மேல எவ்வளவு...

நார்பர்ட்: வாயை மூடு. வரா.

கொலீன்: சீஸ் கொடுத்துட்டேன். ஏன் ரெண்டு பேரும் சத்தமில்லாம இருக்கீங்க?

கிளீட்டஸ்: அடிச்சுக்காதேன்னு சொன்னியே.

கொலீன்: மணி நாலரை ஆகப் போவுது. கூட்டத்துக்குக் கதவைத் திறந்தா என்னால போனைத் தொடக்கூட முடியாது. அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். மார்க்ல மேக்னட்தான் மேல. நான் அமுக்குறேன்.

நார்பர்ட்: இரு! அந்த ஸ்கூலுக்கு இப்ப பஸ் கிடையாதே?

கொலீன்: டிரைவர் கிடைக்கலைன்னு மேக்னட்டுக்கெல்லாம் பஸ்ஸை நிறுத்திட்டாங்கதான். அதனால என்ன? நீங்கதானே கொண்டு விடுறேன்னு சொன்னீங்க. நான் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்பிடுவேன். காலையில நீங்க கூட்டிட்டுப் போவீங்க, சாயங்காலம் கூட்டிட்டு வருவீங்க. நவம்பர்லயே பேசி முடிச்சது.

நார்பர்ட்: அது அந்தக் கோடி. ஒடிலியான்னா நம்ம தெருவுலேர்ந்தே நடந்து போயிடலாம்.

கொலீன்: வண்டி இருக்கும்போது தூரம் என்னப்பா தூரம்? ஆமா, உங்க வண்டி இன்னுமா ரெடி ஆகலை? அன்னைக்கு வந்தப்பவும் கொட்டகையிலேயே நின்னுட்டு இருந்துச்சு.

நார்பர்ட்: பார்ட்ஸ் வரணும்.

கொலீன்: ரெண்டு மாசமாவா?

நார்பர்ட்: பழைய வண்டி. சுலபத்துல கிடைக்காது... சரி, விடு. ஒடிலியா சம்பளத்துக்கு நீ கவலைப்படாதே. பாதி அவங்களே தள்ளிக் கொடுக்கிறாங்க, மீதி என் பொறுப்பு. வண்டியை விக்கிறேன். கிளீட்டஸோட தம்பி மகன் கேட்டிருக்கான்.

கொலீன்: என்னது?

கிளீட்டஸ்: நான் எண்ணெயை ஏத்துறேன்.

கொலீன்: நில்லுங்க அங்கிள். வண்டியையா விக்கிறீங்க? அப்பா, அந்த வண்டியை மத்தவங்க கழுவக்கூட விடமாட்டீங்களே! அம்மாவைப் புதைச்சிட்டு வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள வராம அதுலதானே போய் உக்காந்திருந்தீங்க?

நார்பர்ட்: இரும்புதானே. வித்தா காசு.

கொலீன்: ஒரு பிள்ளையைக் காலையில ஸ்கூல்ல விடுறதுக்கு இவ்வளவு வலிக்குதா உங்களுக்கு?

நார்பர்ட்: நான் அப்படிச் சொன்னேனா?

கொலீன்: வேற என்ன சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியலை. கேட்டா பன்னிங்கிறீங்க. மீனுங்கிறீங்க. அம்மாங்கிறீங்க, அப்புறம் அம்மா இல்லைங்கிறீங்க.

நார்பர்ட்: மார்க்கு...

கொலீன்: மார்க்கை விடுங்கப்பா! இருபத்தெட்டும் வேண்டாம், முப்பத்தொண்ணும் வேண்டாம்! எனக்கு ரெண்டு ஸ்கூலும் ஒண்ணுதான். டெஸ்ஸாவை எங்க போட்டாலும் படிப்பா.

கிளீட்டஸ்: அப்ப ஏம்மா இவ்வளவு நேரம் மல்லுக்கட்டின?

கொலீன்: ஏன்னா... அம்மா போனதுலேர்ந்து இவர் மத்தியானம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறதில்லை அங்கிள். திரை விலக்குறதில்லை. ஒரு வேளை சூப்பு, அதையும் பாதி ஊத்திடுறார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீங்க வந்து இழுத்துட்டு வர்றீங்க, அவ்வளவுதான் வெளியே தலை காட்டுறது. 'நான் கொண்டு விடுறேன்'னு நவம்பர்ல சொன்னாரே, அன்னைக்குத்தான் ஒரு வருஷத்துல முதல் தடவையா அவர் முகத்துல... காலையில எழுந்து சட்டை போட ஒரு காரணம் இருக்கட்டும்னு பாத்தேன். அதுக்காகத்தான் மேக்னட்.

நார்பர்ட்: ...டெஸ்ஸாவுக்குத் தெரியுமா இது?

கொலீன்: அவளுக்கு ஒடிலியாதான் ஆசை. அவ சிநேகிதிங்க அத்தனை பேரும் அங்கதான் சேர்றாங்க. ராத்திரி ஒரு பாட்டம் அழுதா. நான் உங்களைப் பத்திச் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம், 'சரிம்மா, தாத்தாகூட போறேன்'னா.

கிளீட்டஸ்: கடவுளே.

நார்பர்ட்: அழுதாளா...

கொலீன்: அதை விடுங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா. அஞ்சு மணி ஆனா ஆவட்டும். அவளைக் கூட்டிட்டுப் போறது உங்களுக்குப் பாரமா இருக்கா? பாரம்னா பாரம்னு சொல்லிடுங்க. நான் அவகிட்ட வேற ஏதாவது சொல்லிக்கிறேன்.

கிளீட்டஸ்: நார்பர்ட், யோவ்... பிள்ளை மேல அந்தப் பழி வேண்டாம்யா.

நார்பர்ட்: பாரமா? அவளா? ...அந்தப் போனைக் கீழ வை. ஒடிலியாவுக்கே போவட்டும் பிள்ளை, சிநேகிதிங்களோட. காலையில நான் எழுந்துக்கிறேன், சட்டையும் போட்டுக்கிறேன், அந்த வாசல் வரைக்கும் அவகூட நடந்தும் போறேன். போதுமா?

கொலீன்: நடந்து எதுக்குப் போறீங்க? வண்டியை ஏன் விக்கணும்? எங்கிட்ட என்னத்தைப்பா மறைக்கிறீங்க?

நார்பர்ட்: ஜனவரியில வண்டி ஓட்டுற லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். அங்க இருந்த பொண்ணு, நெத்தியை இந்தப் பெட்டியில வச்சு உள்ள பாருங்க ஐயான்னா. வச்சேன். மூணாவது வரியை வாசிங்கன்னா... அங்க ஒரு வரி இருந்ததே எனக்குத் தெரியலைம்மா.